ஒரே இருக்கையில் இரண்டு சம்பந்திகள்

தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. "அப்பா, கடைசியில எது முதல்? கோயிலோ, சேர்ச்சோ?" அதற்கு ஒரு சொல்லில் பதில் இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டால் என்னைப் பற்றியும் உன் மாமாவைப் பற்றியும் உனக்குத் தப்பான எண்ணம் வந்துவிடும் என்று பட்டது. அதனால் சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கு சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் வருகிறது. பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது மட்டும் கொஞ்சம் குறையும். இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் ரொஷானியும் சேர்ந்து படியுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் வேறு தாய் தகப்பன்மார் படித்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை. அதனால்தான் உறையை ஒட்டாமல் விடுகிறேன்.

பிரச்சினை உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் முறையாகத் தொடங்குகிறேன். மெல்பேர்னில் உங்கள் இருவருக்கும் கிடைத்த விடுமுறை மிகச் சிறியது. அதற்குள் கல்யாணத்துக்கு அமைந்தது ஒரேயொரு சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைக்குள் வெள்ளவத்தைக் கோயிலில் தாலி கட்ட வேண்டும், கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் மோதிரம் மாற்ற வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும் என்பதில் நானும் ரொஷானியின் அப்பா செபஸ்தியானும் முதல் நாளே ஒத்துக்கொண்டோம். எங்களைப் போலப் பரந்த மனமுள்ள தகப்பன்மார் கொழும்பில் அரிது என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு கேக்கும் சாப்பிட்டோம். பிறகுதான் எது காலையில், எது பின்னேரம் என்ற பேச்சு வந்தது. காலையில் நடப்பதுதான் கல்யாணம், பின்னேரம் நடப்பது விருந்துக்கு முந்திய பிரார்த்தனை என்பது என்னுடைய கொள்கை. அவருடைய கொள்கையும் அதேதான். கொள்கையில் எங்களுக்குள் கடுகளவும் வேறுபாடு இருக்கவில்லை. அதுதான் சிக்கல். முகூர்த்தம் காலையில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். அதே பஞ்சாங்கத்தில் பின்னேரமும் ஒரு நல்ல நேரம் இருந்ததை அவருக்குக் காட்டவில்லை. தேவாலயத்தில் ஆசீர்வாதம் வாங்காமல் தன் மகள் தாலிக்குக் கழுத்தை நீட்டமாட்டாள் என்று அவர் சொன்னார். அதை ரொஷானியிடம் அவர் கேட்டிருக்கவில்லை. நாளாக நாளாக அவர் என்னை 'மிஸ்டர்' என்று அழைக்கத் தொடங்கினார். நானும் அவரை ஒன்றும் சொல்லி அழைப்பதில்லை, தொண்டையைச் செருமுவேன். அப்போதுதான் உன் ரொஷானி அந்த அறிவித்தலை விட்டாள்: "அங்கிள், அம்மாமார் இந்தியாவுக்குப் போகப் போறாங்கதானே, நீங்க ரெண்டு பேரும் கூடப் போங்க. திரும்பி வாறதுக்குள்ள முடிவெடுக்கேல்ல எண்டா நாங்க இங்க ஒரு பார்க்கில ரெண்டு சாட்சியோட முடிச்சுப்போட்டு படம் அனுப்புறம்." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கப்பல் வரும் போகும் நேரங்களை வாழ்நாள் முழுக்க எழுதிய துறைமுகக் கிளார்க்கின் மகள் அவள். சொன்ன நேரத்துக்குச் சொன்னது நடக்கும் என்று அவளுடைய தகப்பனுக்கே பயம்.

ஆகவே நாங்கள் நால்வரும் சென்னைக்குப் போனோம். கூறைச் சேலை வாங்க உன் அம்மா. இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் வேளாங்கண்ணி மாதாவிடம் வருகிறேன் என்று நேர்ந்திருந்த உன் வருங்கால மாமியார் பிலோமினா. சமாதானப் பேச்சுக்கு நானும் செபஸ்தியானும். இந்தியா ஒரு வெளிநாடு என்பது எங்களைப் போன்றவர்களுக்கு உடனே விளங்குவதில்லை. மற்ற வெளிநாடுகளில் இறங்கியவுடனேயே பாஷை தெரியாமல் திகைப்போம், அதனால் அவதானமாக இருப்போம். சென்னையில் எல்லாரும் தமிழ்தான் கதைக்கிறார்கள், எல்லாப் பலகைகளையும் வாசிக்க முடிகிறது, எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். நான் வாய் திறந்தவுடன் ஓட்டோக்காரர் "கேரளாவா சார்?" என்று கேட்டபோதுதான் கடவுச்சீட்டைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்தேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பகல் ரயில், அங்கிருந்து வேளாங்கண்ணிக்கு வான் என்பது திட்டம். கொழும்பு காலி வீதியில் உள்ள முகவர் ஒருவர் டிக்கெட் எல்லாம் தான் போட்டுத் தருவதாகச் சொன்னார். நான் மறுத்தேன். நீயும் மெல்பேர்னிலிருந்து, "அப்பா, பாஸ்வேர்டைத் தாங்கோ, நான் ரெண்டு நிமிசத்தில போட்டுவிடுறன்" என்றாய். உன்னையும் மறுத்தேன். எந்தப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிற ஒருவனுக்கு ஓர் இணையதளத்தை வாசிக்கத் தெரியாதா என்பது என்னுடைய வாதம். தெரியும்தான். ஆனால் புத்தகம் நாம் வாசித்து முடிக்கும்வரை காத்திருக்கும். சென்னை விடுதியில் இருந்துகொண்டு அந்த ரயில் இணையதளத்தின் நிபந்தனைகளை நான் முழுவதும் வாசித்தேன். உலகத்தில் அப்படிச் செய்த முதல் மனிதன் நானாக இருக்கலாம். வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, நான் நெடுநேரம் அசையாமல் இருந்தபடியால் என்னை வெளியே அனுப்பிவிட்டதாக அது அறிவித்தது. மறுபடி உள்ளே போனால், நான் ரோபோ அல்ல என்று நிரூபிக்கும்படி வளைந்து நெளிந்த எழுத்துகளைக் காட்டியது. மூன்று முறை பிழையாக அடித்தேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "இவ்வளவு பிழை விடுற ஆள் ரோபோவா இருக்க முடியாதெண்டு அதுக்கு விளங்காதோ?" என்றாள்.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறையும் உள்ளே போக அது ஓர் எண்ணை போனுக்கு அனுப்புகிறது. என்னுடைய கொழும்பு நம்பருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. விடுதி மேனேஜர் தன் நம்பரைத் தருவதாகச் சொன்னார். அந்நியரிடம் கடமைப்படக் கூடாது என்று நான் மடிப்பாக்கத்தில் இருக்கும் வதனி மாமியின் நம்பரைக் கொடுத்தேன். என் சின்னம்மாவின் மகள், உனக்குச் சின்ன வயதில் சொக்கா அனுப்பியவள். யோசனை சரியானது. பிழை என்னவென்றால், அந்த எண் மூன்று நிமிடம்தான் உயிரோடு இருக்கும் என்பதை நான் யோசித்தேனே தவிர, எங்கள் குடும்பத்தில் மூன்று நிமிடத்தில் யாரும் விஷயத்துக்கு வந்ததில்லை என்பதை யோசிக்கவில்லை.

முதல் முறை அழைத்தபோது ரயிலில் இடம் தாராளமாக இருந்தது. "வதனி, உன்ர போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும்" என்றேன். "அண்ணா! எப்பிடிச் சுகம்? அண்ணி நிக்கிறாவோ? பயணம் எல்லாம் ஒத்துக்கொண்டதோ?" என்றாள். சுகம் என்றேன். சுகம் கேட்டவரிடம் திருப்பிச் சுகம் கேட்காமல் இருப்பது எப்படி? கேட்டேன். அவளுக்கு முதுகில் ஒரு பிடிப்பு. அதற்கு எண்ணெய் பூசினாளா என்று விசாரித்து முடிக்கும்போது எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண் வந்தபோது அவள் கோபமாக இருந்தாள். "மெட்ராசுக்கு வந்து லொட்ஜில நிண்டுகொண்டு நம்பர் கேக்கிறியளோ? என்ர வீட்டில இடமில்லையோ, பாய் இல்லையோ?" அவளைச் சமாதானப்படுத்தாமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொள்வது மனிதத்தன்மை ஆகாது. சமாதானப்படுத்தினேன். அந்த எண்ணும் போனது. மூன்றாவது முறை நான் முன்கூட்டியே, "சுகம் எல்லாம் பிறகு கதைப்பம், நம்பரை மட்டும் வாசி" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். வாசிக்கத் தொடங்கி நிறுத்தினாள். "அண்ணா, இதில ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு போட்டிருக்கு. உங்களுக்குச் சொல்லலாமோ?" நான் இன்னாரின் மகன், உன் அண்ணன், என்று உறவுமுறையை நிறுவி முடித்தேன். அவள் வாசித்தாள். உள்ளே போனேன். நாலு கடவுச்சீட்டுகளில் முதலில் கைக்கு வந்தவை என்னுடையதும் உன் அம்மாவுடையதும். அவற்றை முதலில் அடித்தேன். பிறகு அவர்களுடையவை. பணம் கட்டியபோது மிஞ்சியிருந்தது இரண்டு படுக்கை. முதல் இரண்டு பெயருக்கும் அது உறுதியானது. அடுத்த இரண்டு பெயருக்கும் ஆர்.ஏ.சி. என்று வந்தது.

அதை உனக்கு விளக்க வேண்டும். இந்தியாவில் ஒரே படுக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்து வைப்பார்கள். யாராவது பயணி வராவிட்டால் இருவரில் ஒருவரை அந்த வெற்றிடத்துக்கு அனுப்புவார்கள். அதுவரை இருவரும் நடைபாதையோரம் இருக்கும் அந்த ஒற்றைப் படுக்கையை இரண்டாக மடித்து, முழங்கால் முழங்காலோடு இடிக்க, எதிரெதிரே உட்கார்ந்து வர வேண்டும். இதை நான் செபஸ்தியானுக்கு என் போனில் காட்டினேன். நல்ல செய்தி என்றுதான் காட்டினேன். நாலு பேருக்கும் ரயிலில் ஏற உரிமை கிடைத்துவிட்டதே. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தூரப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு முறையும் கீழிருந்து மேலே ஒரு முறையும் பார்த்தார்.

"ஹார்பர்ல இருந்த காலம் முழுக்க நான் பாத்தது வரிசைதான் மிஸ்டர்" என்றார். "எந்தக் கப்பல் முதல், எது பின்னுக்கு எண்டு. உங்கட பேர் முதல், முழு இடம். எங்கட பேர் பின்னுக்கு, அரை இடம். இதுக்கு மேல நான் என்ன கேக்க?"

"நான் வேணுமெண்டு செய்யேல்லை. வதனியின்ர முதுகுப் பிடிப்பாலதான்..." என்று தொடங்கினேன். அது எவ்வளவு பலவீனமான விளக்கம் என்பது சொல்லும்போதே தெரிந்தது.

"சனிக்கிழமையும் இப்பிடித்தானே வரப்போகுது" என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படி இறங்கிப் போனார். பிலோமினா அவர் பின்னால் போகவில்லை. உன் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, வாங்கிய சேலைகளை மறுபடி விரித்துப் பார்த்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அவரும் மெல்லிய குரலில், "பிள்ளைகள் அங்கயே செய்றதுதான் நல்லம் போல" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில், நான் ஒரு ரயில் டிக்கெட் போடப் போய் ஒரு கல்யாணத்தை ரத்துச் செய்துவிட்டேன் என்பது தெளிவாக இருந்தது. அன்றைக்கு முழுவதும், நீ ஒரு பூங்காவில் யாரோ இரண்டு சாட்சிகளுக்கு நடுவில் நிற்பதும், நாங்கள் நாலு பேரும் இரண்டு வீடுகளில் இருந்து ஒரே படத்தைப் போனில் பார்ப்பதும் கண்ணுக்கு முன் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த நாள் காலை எழும்பூரில் ஏறியதும் உறுதியான இடம் இரண்டையும் அவர்களுக்குக் கொடுக்கப் பார்த்தேன். "உங்கட பேர்ல உள்ள இடம் எனக்கு எதுக்கு?" என்றார் செபஸ்தியான். கடைசியில் பெண்கள் இருவரும் உள்ளே நல்ல இடத்தில் உட்கார்ந்தார்கள். நடைபாதையோர அரை இருக்கைகளில் நானும் செபஸ்தியானும் எதிரெதிரே. இருவரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் அடுத்தவரின் நாட்டுக்குள் போய்விடும். செங்கல்பட்டு வரை நாங்கள் இருவரும் ஒரே ஜன்னலுக்கு வெளியே வெவ்வேறு திசையில் பார்த்துக்கொண்டு வந்தோம். எதிரே இருப்பதால் நான் பார்த்தது வரப்போகும் வயல், அவர் பார்த்தது போய்விட்ட வயல். உள்ளே உன் அம்மாவும் பிலோமினாவும் ஏதோ சேலைத் தலைப்பைப் பற்றி விடாமல் கதைத்தார்கள். நடுவில் வடைக்காரர் வந்தபோது இருவரும் தனித்தனியாக வாங்கித் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

விழுப்புரம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். "இந்த சீட்ல ரெண்டு பேரும் ஆர்.ஏ.சி.தானே? ஒரு பெர்த் காலியாயிருக்கு. யாராவது ஒருத்தர் போயிடுங்க சார்."

நான் யோசிக்கவே இல்லை. "அவருக்குக் குடுங்கோ" என்றேன்.

"இல்ல இல்ல" என்றார் செபஸ்தியான், என்னைப் பார்க்காமல் பரிசோதகரைப் பார்த்து. "அவருக்குக் குடுங்க. அவருக்கு முழங்கால் வருத்தம்."

எனக்கு முழங்கால் வருத்தம் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. இவ்வளவு நேரமும் கவனித்துக்கொண்டு வந்திருக்கிறார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்குத்தான் பிரஷர்."

"பிரஷருக்கும் பெர்த்துக்கும் என்னங்க? நீங்க போய்க் கால நீட்டிப் படுங்க."

"நீங்கள் போனால்தான் எனக்கு நிம்மதி."

"அப்ப எனக்கு நிம்மதி வேணாமா?"

"சார், நான் இன்னும் பாதி வண்டி பார்க்கணும்" என்றார் பரிசோதகர்.

"ஒரு நிமிசம் பொறுங்கோ" என்றேன். "இவர் இப்ப போவார்."

"போக மாட்டேன்" என்றார் செபஸ்தியான். "வேணுமெண்டா ரெண்டு பேரும் நிண்டுகொண்டு வாறம். அந்த பெர்த் சும்மா இருக்கட்டும்."

பரிசோதகர் எங்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு இரண்டு வரிசை தள்ளி, எங்களைப் போலவே அரை இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு அந்தப் படுக்கையைக் கொடுத்துவிட்டார். அவர் எழுந்து போகும்போது எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. இப்படியும் சிலர் ரயிலில் வருவார்கள் என்று நினைத்திருப்பார்.

உள்ளேயிருந்து முதலில் சிரித்தது பிலோமினாதான். "காலை வேணும் காலை வேணும் எண்டு அடிபட்ட ஆக்கள் இவங்கதானா? சும்மா கிடைச்ச இடத்தில போய் இருக்கத் தெரியேல்ல!"

"ரெண்டு பேரையும் முன்னுக்கு வாங்கோ எண்டா பின்னுக்குப் போவினம், பின்னுக்கு நில்லுங்கோ எண்டா முன்னுக்கு வருவினம்" என்றாள் உன் அம்மா. "எங்கட தலையெழுத்து."

செபஸ்தியான் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முதலில் வயிறு குலுங்கியது. இடம் அவ்வளவு நெருக்கம் என்பதால் அது என் முழங்காலுக்கும் தெரிந்தது. பிறகு இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். "சரி அண்ணே" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. அதுதான் முதல் 'அண்ணே'. "ஏன் அண்ணே உங்களுக்குக் காலை அவ்வளவு முக்கியம்? உண்மையச் சொல்லுங்க."

உண்மையைச் சொன்னேன். எனக்கு என் அக்காவைப் பயம். கனடாவிலிருந்து வரும் உன் பெரிய மாமி, காலையில் தாலி ஏறாத கல்யாணத்தைக் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளமாட்டாள். அதை ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்துச் சொல்லிக்கொண்டேயிருப்பாள். என் கொள்கை முழுவதும் இவ்வளவுதான். அவருடைய காரணம் வேறு. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கட சேர்ச்ல ஒரு காலத்தில பின்னேரக் கல்யாணம் எண்டாலே அவசரக் கல்யாணம் அண்ணே. வீட்டுக்குத் தெரியாத கேஸ், தகப்பன் வராத கேஸ், அதெல்லாம்தான் பின்னேரம் வச்சு முடிப்பாங்க. இப்ப அப்பிடி இல்ல. ஆனா எங்கட ஆக்களுக்கு இன்னும் அது மனசுல இருக்கு. என்ட பிள்ளை நடந்து வரேக்க ஒருத்தரும் அந்தப் பார்வை பாக்கக் கூடாது." அவர் தன் மகளுக்காக மாதக்கணக்கில் சண்டை பிடித்திருக்கிறார். நான் என் அக்காவின் போனுக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். தம்பி, ஒருவரோடு முரண்படும்போது அவர் என்ன கேட்கிறார் என்பதை நாம் நன்றாகக் கேட்கிறோம், ஏன் கேட்கிறார் என்பதைக் கேட்பதேயில்லை. நீயும் ரொஷானியும் சண்டை பிடிக்கத்தான் போகிறீர்கள். ஆளுக்காள் முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருந்து பிடியுங்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நல்லவன், அவரும் நல்லவர். ஆனால் நல்லவர்கள் தனியாக விடப்பட்டால் என்ன செய்வார்கள் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் எல்லாரையும் முதலில் ஏறவிட்டு நீ தினமும் பிந்திப் போனாயே, வகுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாரே. 'மரியாதை தெரிந்த பிள்ளை' என்று அன்றைக்கு அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை அதை எங்கிருந்து எடுத்தான் என்பது திருச்சியில் தெரிந்தது. இறங்கியவுடன் வானுக்குக் காத்திருந்த நேரத்தில், முகம் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு, நான் கொழும்பில் குருக்களுக்குப் போன் எடுத்தேன். "ஐயா, முகூர்த்தத்தைப் பின்னேரத்துக்கு மாத்துங்கோ, நாலு மணி போல." யாருக்கும் சொல்லவில்லை. கொழும்புக்குப் போய்த் திடீரென்று சொல்லி அவரை மகிழ்விக்க வேண்டும் என்று ஆசை. வேளாங்கண்ணியில் பிலோமினா நேர்த்திக்கடனைத் தீர்த்துக்கொண்டிருந்தபோது, மெழுகுதிரி வாங்கப் போன செபஸ்தியான் நெடுநேரம் வரவில்லை. அவர் கொட்டாஞ்சேனைப் பங்குத் தந்தையோடு போனில் இருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வந்த கிழமையே அவர் வெள்ளவத்தைக்கு வந்தார், பேலியகொடை மீன் சந்தையில் விடியற்காலையில் வாங்கிய பெரிய அறக்குளா மீனோடு. வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் மரக்கறி. உன் அம்மா மீனை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிள்ளையார் படத்தைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள். செபஸ்தியான் உட்காரவில்லை. "அண்ணே, ஒரு நல்ல செய்தி. காலையை உங்களுக்கு விட்டுட்டேன். ஃபாதருக்குச் சொல்லி எங்கட பூசையைப் பின்னேரம் நாலு மணிக்கு மாத்தியாச்சு." நானும் எழுந்து நின்றேன். "நானும் முகூர்த்தத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மாத்தியாச்சு." இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை காலை முழுவதும் யாருக்கும் வேண்டாத ஒன்றாகச் சும்மா கிடந்தது. பின்னேரம் நாலு மணிக்கு நீ ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் கல்யாணம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் ஒரே பெண் என்பதால் சட்டச் சிக்கல் மட்டும் இல்லை.

உடனே இருவரும் போனை எடுத்தோம், ஆளுக்கு ஒரு மூலையில், நாலு மணிச் சிக்கலைத் தீர்க்கத்தான். ஆனால் நான் கேட்டது, பின்னேரத்தை விட்டுவிட்டுக் காலையைத் திருப்பித் தர முடியுமா என்றல்ல. ஐந்தரைக்குத் தள்ள முடியுமா என்று. அவரும் அதையேதான் கேட்டாராம். குருக்கள், "ஐந்தரைக்கு எனக்கு இரத்மலானையில ஒரு பூசை. உங்கட காலை அப்பிடியே இருக்கு, பிடிக்கிறதெண்டால் இப்ப பிடியுங்கோ" என்றார். செபஸ்தியான் மற்ற மூலையில், "அப்ப காலையைத் திருப்பித் தாங்க ஃபாதர்" என்று கெஞ்சுவது கேட்டது. அங்கே காலை இல்லை. அவர் விட்ட கையோடு அதைப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மைப் பூசைக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெள்ளை உடுப்பு எல்லாம் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. நாலு மணியை விட்டு ஐந்தரையை வாங்கியாகிவிட்டதால் தேவாலயத்தில் பின்னேரம் ஐந்தரைதான், வேறு வழியில்லை. நாலு மணிக்குத் தாலி கட்டிவிட்டு ஐந்தரைக்குள் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் கோயில் காலையில்தான், அதற்கும் வேறு வழியில்லை.

ஆகவே நீ கேட்ட ஒரு சொல் பதில்: கோயில். நான் முதல் நாளிலிருந்து எது வேண்டும் என்று நின்றேனோ அது அப்படியே எனக்குக் கிடைத்துவிட்டது. ரொஷானியிடம் பூங்காவுக்குச் சொல்லி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொல். இவ்வளவு முழுமையாக வென்று இவ்வளவு வெட்கப்பட்டது எனக்கு இதுதான் முதல் முறை. செபஸ்தியான் கதிரையில் உட்கார்ந்து, "விடுங்க அண்ணே, ஆண்டவன் கணக்கு வேற" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ரயிலில் குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்த விஷயம் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவருடைய பிள்ளை பின்னேரம்தான் நடந்து வரப்போகிறாள்.

இனி நான் செய்திருப்பதைச் சொல்கிறேன், நீ எதிர்க்கக் கூடாது. கனடா அக்காவுக்கு நானே போன் எடுத்து, காலையில் கோயிலுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, பின்னேரம் கொட்டாஞ்சேனையில் முதல் வரிசையில் பட்டுச்சேலையோடு இருக்காவிட்டால் எனக்கு அக்கா இல்லை என்று சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை அவள் மறுபேச்சுப் பேசவில்லை, அதிர்ச்சியாக இருக்கலாம். கிருலப்பனை, இரத்மலானை என்று எங்கள் ஆட்கள் எல்லாரையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தேவாலயத்தில் நிற்க இடம் இருக்கக் கூடாது. அவசரமாக முடிக்கிற கல்யாணத்துக்கு இவ்வளவு சனம் வராது என்று பார்க்கிறவர்களுக்குத் தானாக விளங்க வேண்டும். எங்கே எழும்புவது, எங்கே முழந்தாளிடுவது என்று தெரியாமல் எங்கள் ஆட்கள் திருதிருவென்று நிற்கக் கூடாது என்பதற்காக நானே இரண்டு ஞாயிறு பூசைக்குப் போய்ப் பழகினேன். எனக்குக் கொஞ்சம் பிந்துகிறது. எல்லாரும் எழும்பிய பிறகு நான் முழந்தாளில் இருப்பேன். பக்கத்தில் நிற்கும் உன் மாமா என் முழங்கையைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குவார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. போன வெள்ளி எங்கள் கோயிலுக்கு வந்தார், காலைக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் தகப்பன் எங்கே நிற்க வேண்டும், கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று குருக்களிடம் படித்துக்கொள்ள. வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றுவதைப் பார்த்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, பெனியனோட விடுவாங்களா?"

"இல்லை."

அவர் குனிந்து தன் வயிற்றை நீண்ட நேரம் பார்த்தார். "அப்ப நான் இண்டைக்கே சோத்தைக் குறைக்கணும்" என்றார். சட்டையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, கடைசி வரை என் பக்கத்திலேயே நின்றார். பிறகு வீட்டுக்கு வந்தோம். உன் அம்மா இலை போட்டாள். இரண்டாம் முறை சோறு போட வந்தபோது நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

காலை நேரத்தை வென்றுவிட்ட,
அதற்காக வெட்கப்படும்,
உன் அப்பா